மூணு மணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் மூணு மணி. டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருஷமாக விமான டிக்கெட் போடுகிறார். ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏற மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கெஞ்சினாலும் டிக்கெட் போடமாட்டார். "ஓடிப்போய் ஏறிக்கறேன் சார்" என்று யாராவது சொன்னால், "பெட்டியும் ஓடுமா சார்?" என்பார். அவர் அனுப்பிய ஒருவரும் நடுவழியில் நின்றதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

என் தங்கை டோங்காவில் இருந்தாள். பசிபிக் கடலில் ராஜா ஆளுகிற தீவுக்கூட்டம் அது. தலைநகரில் இறங்கி இன்னொரு குட்டி விமானம் ஏறிப் போகவேண்டிய தீவில் டீச்சர் வேலை. கூட வேலை பார்த்த நம்மவரையே கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் அரட்டை. "வேற என்னக்கா பண்ண, இங்க இன்னிக்கு ஈ காக்கா அசையாது" என்பாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பேன். இவர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"வாங்க, வாங்க" என்று நச்சரித்தாள். நாங்கள்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினோம். ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிய மனுஷன் பெண்டாட்டியை ஒரு தடவை விமானம் ஏற்றியதில்லை. கடைசியில் அவளுக்கு ஈரலில் புற்று, முற்றிவிட்டது என்று சேதி வந்தது. "நாள் கணக்குதானாம். நீ வந்துடுக்கா" என்றாள். அவள் முகத்தை உயிரோடு ஒரு தடவை பார்க்கவேண்டும். அதைத் தவிர எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இவர் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை நண்பகல் தலைநகரில் இறங்கினால், ஐம்பதாவது நிமிஷம் குட்டி விமானம் கிளம்புகிறது.

"பிடிச்சுடலாம்ல?" என்றேன்.

"அம்பது நிமிஷமா? விளையாடறியா? ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலைல நிதானமா போவோம்."

தங்கைக்கே போன் போட்டுக் கேட்டார். "அந்தச் சின்ன பிளேன் தினமும் இருக்கில்லம்மா?"

"தினமும் இருக்கு மாமா. ஆனா சனிக்கிழமையே வந்துடுங்க." குரல் நூலாகத்தான் வந்தது.

போனை வைத்துவிட்டு, "பாவம், அவசரப்படறா" என்றார். நானும் ஆமாம் என்றேன். குட்டி விமானத்துக்கு இங்கிருந்து டிக்கெட் போட வழியில்லை. அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று குறித்து வைத்தார்.

சனிக்கிழமை பத்து நிமிஷம் முன்னாலேயே இறங்கினோம். எங்கள் பெட்டிதான் முதலில் வந்தது. நிதானமாகக் காபி குடித்தோம். பிறகு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய், நாளைக்கு இரண்டு டிக்கெட் வேண்டும் என்றார். கவுண்டரில் இருந்த பெண் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். நாளை ஞாயிறு, விமானம் பறக்கக்கூடாது, சட்டம், இனித் திங்கள்தான் என்றாள். அன்றைய விமானம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அதில் எட்டு இடம் காலியாம்.

அந்த நாட்டில் தினமும் என்றால் ஞாயிறு நீங்கலாகத்தான். அங்கே இருப்பவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தோன்றாது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓடாத ஊர் ஒன்று இருக்கும் என்று டிக்கெட்காரருக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் கடை இல்லை, படகு இல்லை, டாக்சி இல்லை. சர்ச்சுகளிலிருந்து பாட்டு மட்டும் கேட்டது. இவர் துறைமுகத்துக்கு நடந்து போய், வெறுங்கையோடு வந்து, மறுபடியும் போனார். மத்தியானம் மூன்றரைக்குத் தங்கையின் வீட்டுக்காரர் போன் செய்தார். அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தோம். "சனிக்கிழமை பிளேன் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினா அண்ணி. சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தா" என்றார் அவர். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் இவரை நான் விடவில்லை. "உங்க மூணு மணியைக் கொண்டுபோய் உலையில போடுங்க" என்று சோறு போடும்போதுகூடச் சொல்வேன். ஒரு நாளும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போவார்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கை நின்றுவிட்டது. ஈ காக்கா அசையாது. பதினெட்டு வருஷம் வாராவாரம் என் காதில்தானே சொன்னாள்!

இவர் அதே மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க... அவ சொல்லிட்டேதானே இருந்தா? ஞாயித்துக்கிழமை அங்க ஒண்ணும் ஓடாதுன்னு."

"ஆமா. எனக்கு அந்த கவுண்டர்ல நிக்கும்போதே ஞாபகம் வந்துடுச்சு."

"அப்ப இத்தனை நாள் நான் திட்டினப்போ, உனக்கும்தான் தெரியுமேன்னு ஏங்க திருப்பிக் கேக்கல?"

என் மடியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீயும் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்னு விட்டுட்டேம்மா."