ஐந்து திரியும் அதிகாரமில்லாத தலைவியும்

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கிய காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கோஷ்டிகள் பிடுங்குப்பட்டன. நடுவில் வாய் திறக்காத ஆள் ஒன்று தேவைப்பட்டது. நான் வாய் திறக்க மாட்டேன் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

இங்கே இத்தாலியில், பகலில் வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான சிஞோராவை, அந்த வீட்டு இத்தாலிய அம்மாவை, பராமரிக்கிறேன். அவருக்கு அரச குடும்பங்கள் என்றால் உயிர். ஒருநாள் தொலைக்காட்சியில் வெளிநாட்டு அரசர் ஒருவர் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். கிரீடமும் சிம்மாசனமுமாக இருந்து, மந்திரிமார் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பிடிக்காவிட்டாலும் அதைத்தான் வாசிக்க வேண்டுமாம். பிரதமரிடம் கேள்வி கேட்கலாம், எச்சரிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார் சிஞோரா. அட, இது என்னுடைய உத்தியோகம் அல்லவா என்று சிரித்துவிட்டேன்.

அந்த வருடம் வாணி விழாவில் ஆட, எங்கள் மேல்வீட்டு மொரிசியஸ்காரியின் மகள் நடனம் பழகியிருந்தாள். அவர்களும் தமிழ் வழியினர்தான். தலைமுறைகளுக்கு முன்பே மொழி போய்விட்டது. விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது செயலாளர் வந்தார்.

"அக்கா, தமிழ் கதைக்கத் தெரியாத பிள்ளையை மேடையில ஏத்தேலாது. கமிட்டி முடிவு."

"உங்கட மகள் வீட்டில என்ன பாஷை கதைக்கிறா, தம்பி?"

அவர் போகத் திரும்பினார். நான் விடவில்லை.

"இப்படியே வெட்டிக்கொண்டு போனால் கடைசியில மண்டபத்தில நீங்களும் நானும்தான் இருப்பம்."

"ஓம் அக்கா, ஆனால் முடிவெடுத்தாச்சு."

கேட்டாயிற்று, எச்சரித்தாயிற்று. மறுநாள் கபோ சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்ற அந்தத் தாய், "நாங்கள் உங்கள் ஆட்கள் இல்லையா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். பிள்ளைக்கு நடன உடுப்புப் போட்டு விழாவுக்குக் கூட்டி வா என்று மட்டும் சொன்னேன்.

விழாவன்று செயலாளர் எழுதித் தந்த உரையை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். எல்லோரையும் அரவணைக்கும் சங்கமாம்! அதையும் முகம் கோணாமல் வாசித்தேன்.

பிறகு குத்துவிளக்கு. முதல் திரியைத் தலைவி ஏற்றுவார். மிச்சம் நான்குக்கும் அவரே ஆட்களை அழைப்பார். அது எங்கள் வழக்கம், அதில் கமிட்டிக்கு வேலை இல்லை. கமிட்டிக்காரர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டார்கள். நான் முதல் திரியை ஏற்றிவிட்டு, மைக்கில் மேல்வீட்டுத் தாயையும் மகளையும் அழைத்தேன்.

சலங்கை குலுங்க அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தாள். தாய் பின்னால் வந்தாள். இருவரும் ஆளுக்கு இரண்டு திரியாக ஏற்றி முடித்ததும் சனம் கைதட்டியது. நான் மைக்கைச் செயலாளரிடம் நீட்டினேன்.

"அடுத்த நிகழ்ச்சியை நீங்களே அறிவியுங்கோ, தம்பி. பிள்ளையை இறங்கச் சொல்லப் போறீங்கள் எண்டாலும் இந்த மைக்கிலயே சொல்லுங்கோ."

அவர் சனத்தைப் பார்த்தார், பிள்ளையின் காலில் கிடந்த சலங்கையைப் பார்த்தார். பிறகு அவளுடைய பெயரைச் சொன்னார்.

அவள் ஆடும்போது தாய் என் கையை இறுக்கிப் பிடித்து, இங்கே எல்லாம் உங்கள் சொல்தானா என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.