பீங்கான் சிரித்த வீடியோ

அவளுக்குப் பீங்கான் என்று பேர் வைத்தவள் நாத்தனார். தொட்டால் உடைந்துவிடுவாளாம். விடுதி அறைகளில் மெத்தையை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, விரிப்பைச் செருகுவது அவள் வேலை. எல்லா அறையிலும் அதே கால், அதே பக்கம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒருநாள் அப்படித் தூக்கியபோது இடுப்பில் ஏதோ பிசகியது. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழக் கைப்பிடி வேண்டும், படுக்கையில் புரளப் பல்லைக் கடிக்க வேண்டும். ஆனால் எழுந்து நாலடி வைத்துவிட்டால் நன்றாகவே நடப்பாள். அதுதான் வினையாகப் போனது. நடக்கிறவளுக்கு என்ன வலி என்று வீடே கேட்டது.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகுத்தண்டில் ஒன்றுமில்லை. மாமியாருக்கு அப்படியொரு திருப்தி. கணவன் வாயில்லாப் பூச்சி. அவள் எழ முயலும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மாடி அறைகளை விட்டு, துண்டு மடிக்கும் அறைக்கு மாற்ற வேண்டும். விடுதியில் மேற்பார்வை நாத்தனார்தான். "டாக்டர் வாயால வரட்டும், மாத்துறேன்" என்று அவளே கூட வந்தாள்.

எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். இடுப்புக்குக் கீழே, வலப்பக்கக் குழியில் ஒற்றை விரலை வைத்தாள். மறுபடி கேட்டார்; விரல் அங்கேயே போனது. காலை மடக்கித் தொடையை அழுத்தினார். கத்திவிட்டாள்.

"முதுகோட அடி எலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டும்மா. சாதாரண படத்துல பெரும்பாலும் தெரியாது. அதுக்குள்ள மரத்துப்போற ஊசி போடறேன். வலி போச்சுன்னா, அந்த மூட்டுதான் காரணம். ஆனா சில மணி நேரத்துல திரும்ப வரும். அப்புறம்தான் வைத்தியமே. இடுப்புக்குப் பட்டை, பயிற்சி. மெத்தை தூக்கவே கூடாது."

நாத்தனார் தலையாட்டினாள். காது இருந்தது, மனசுதான் இல்லை.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து, சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்டினாள். பிறகு மறு காலில் நின்றாள். "அண்ணி, வலிக்கலை! பாருங்க அண்ணி!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். நாத்தனார் பார்த்தாள், கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

வீடு சேர்வதற்குள் அந்த வீடியோ உறவுக்காரர்கள் எல்லோருக்கும், விடுதி மேலாளருக்கும் போய்விட்டது. "ஒரே ஊசியில ஓடிப்போச்சு ரெண்டு வருஷத்து வலி" என்று கீழே ஒரு வரி. வலி உண்மை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை, பாவி, பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டாள். நாளை முதல் மூன்றாவது மாடியும் அவளுக்கே என்று மேலாளர் பதில் அனுப்பினார்.

"திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரே அண்ணி. நீங்களும் கேட்டீங்களே."

"கேட்டேன். நீ சொல்ல வேண்டியத அவரே எடுத்துக் குடுத்துட்டாரு. இனிமே உனக்கு வராம இருக்குமா?"

சாயங்காலமே வந்துவிட்டது.

மறுநாள் மூன்றாவது மாடியை முடித்துவிட்டு வந்து படுத்தவளால் திரும்பக்கூட முடியவில்லை. வாயில்லாப் பூச்சி அன்றைக்கு வாயைத் திறந்தது. வீடியோவை ஓடவிட்டு, கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதுல நிக்கிறது நீதானே?"

அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். வலியில்லாத நாளில் தன் முகம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

"கொழுப்பப் பாரு" என்று சொல்லி, அவன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.