சுவரில் மாட்டிய மாதிரி அட்டை

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சாமான் வாங்குகிறவர்களுக்கு அதைத் தேவஆசீர்வாதத்திடம் ஒரு தடவை காட்டாமல் மனசு ஆறாது. மனுஷர் முன்னே தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் சாயம் விலகின லேபிள்களைக் கழித்துப் போட்டவர். அந்தக் கண்ணை நம்பித்தான் கம்ப்யூட்டர் கடை வைத்தார். சாமானைவிட அது வருகிற அட்டையைத்தான் உற்றுப் பார்ப்பார். "போலி போடுறவன் அச்சுலதாம்லே மாட்டுவான்" என்பார். நல்ல சரக்கின் அட்டை ஒன்றை மாதிரிக்கென்று சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அதை எடுத்துப் பார்த்ததேயில்லை. எல்லாம் மனப்பாடம்!

போன சித்திரையில் செண்பகராஜ் குட்டை ரேம் கொண்டுவந்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேனில் இடிக்காமல் உட்காரும், உயரம் குறைந்த ரகம். வருஷக்கணக்காக மதுரையிலிருந்து பஸ்ஸில் சரக்குச் சுமந்து வருகிறவன். அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அழையாமலே வருகிற உரிமைக்காரன்.

தேவஆசீர்வாதம் அட்டையைத் திருப்பினார். எழுத்தெல்லாம் ஓரம் கலங்கிக் கிடந்தது. வந்ததே கோபம்.

"ஏலே, எனக்கே டூப்ளிகேட்டா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுதியே!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"சத்தியமா ஒரிஜினல் அண்ணாச்சி. நல்லாப் பாருங்க."

"என்னத்தப் பாக்க? ஒரிஜினல் எப்படி இருக்கும்னு காட்டுதேன்!"

சுவரிலிருந்த அட்டையைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அதிலும் எழுத்து கலங்கித்தான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏசுவே! சர்க்கரை கண்ணைத் தின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது சிரித்தவர் இவர். கண் போனால் கடை போச்சு. "சரக்கு சரியாத்தாம்லே இருக்கு" என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை. மாதிரி அட்டையை யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி சொன்னா தப்பா இருக்காது" என்றார் ஒருவர்.

"சரி, எடுத்துட்டுப் போறேன்" என்றான் செண்பகராஜ். ரேமை மறுபடி பைக்குள் வைத்தான்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு கடையும் அவனிடம் சரக்கு எடுக்கவில்லை. தேவஆசீர்வாதம் பழையபடி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எதைக் கொடுத்தாலும் "நல்ல சரக்கு" என்கிறார். வாசலில் யாராவது கடந்து போனால், அவனாக இருக்குமோ என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. முகம் தெரிவதில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, போகிறவர்கள் எல்லாரையும் பார்த்துக் கும்பிடுகிறார்.