ஒன்பது முட்டைகளும் ஓர் அறுப்பு மெஷினும்

போன வாரம் என் கடைக்கு ஒருவர் வந்து நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு கேட்டார். டிராக்டருக்கும் நெல் அறுக்கிற மெஷினுக்கும் உதிரிபாகம் விற்கிற கடை என்னுடையது. திண்டிவனம் முழுக்க அலைந்து எங்கும் கிடைக்காமல் கடைசியாக என்னிடம் வந்திருக்கிறார். "கோழிக்குஞ்சுங்களுக்குங்க. இந்த எல்.இ.டி சூடே ஆவ மாட்டேங்குது" என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் போன பிறகு என் மூக்குக்கு வேலை வந்துவிட்டது. பல்பின் சூட்டில் தூசி கருகும் வாசனை, அதோடு கொஞ்சம் ஈர வைக்கோல் வாசனை. பில் புத்தகத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அறுப்பு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் ஏரியா முழுக்க என்னுடையது என்று நினைப்பு. தை மாதத்தில் ஒவ்வொரு ஊராக "எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்க" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கீதா ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிக்க ஆசைப்பட்டாள். பெண் பார்க்கப் போனபோது "தாராளமா படிக்கட்டுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேச்சை எடுத்ததும் என் அம்மா, "படிச்ச வரைக்கும் போதும், வூட்டுல வேலை இல்லியா?" என்று முடித்துவிட்டார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சங்கீதா என்னிடம் பேசியதெல்லாம் இரண்டே வாக்கியங்கள். "சாப்புடுறீங்களா?" "எப்ப வருவீங்க?"

கெடார் பக்கத்தில் ஏரிக்குக் கீழே ஒரு வயல். சொந்தக்காரர் பெயர் ஆண்டாள், ஐம்பது வயதிருக்கும், தனியாக விவசாயம் பார்க்கிறவர். வாய்க்காலை ஒட்டிய மூலையில் நெல்லோடு கோரையும் மண்டிக் கிடந்தது. அந்த மூலைக்கு நான் வண்டியைத் திருப்பும்போது வரப்பிலிருந்து அவர் கையைக் காட்டினார். "தம்பி, அத்த வுட்டுடுப்பா. ரெண்டு மூணு வாரமா ஒரு காட்டு வாத்து அங்கயே பூந்து பூந்து வருது."

எனக்கு அடுத்த வயலுக்குப் போகிற அவசரம். சத்தத்தில் சரியாகக் கேட்காததுபோல் தலையை ஆட்டிவிட்டு ஓட்டினேன். பத்தடி தூரத்தில் ஒரு வாத்து படபடவென்று எழும்பியது. கருத்த அலகு, நுனி மட்டும் மஞ்சள். அப்புறம்தான் நிறுத்தினேன். மெஷினின் செயின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், மெத்தையாகப் பரப்பிய இறகின் மேல் ஒன்பது முட்டைகள். சுற்றிலும் மறைவு என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் நானே அறுத்திருந்தேன்.

வாத்து இரண்டு முறை மேலே சுற்றிவிட்டு ஏரிப் பக்கம் போயிற்று. மெஷினைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நானும் ஆண்டாள் அக்காவும் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். சாப்பாட்டு நேரம் போயிற்று. இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. மூன்று மணிவரை பார்த்தோம், வாத்து வரவில்லை. "இனிமே வராதுப்பா. நீயே எத்துக்கினு போ" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

துண்டில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்ததும், "கொழம்பு வெக்கலாமா?" என்றார். சங்கீதா முட்டைகளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் சூடா இருக்குது" என்றாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா கை காட்டியதையும் மறைக்கவில்லை. முட்டைகளைத் துண்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, "அவங்க சொல்றப்பவே நீங்க நின்னுருக்கலாம் இல்ல?" என்றாள். மெஷினைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் புரிய இரண்டு வாரம் பிடித்தது.

ஊரில் அடைக்கோழி தேடினோம், ஒன்றும் அமையவில்லை. மீன்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தேன். அதில் வைக்கோல், ஒரு குண்டு பல்பு, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். ஒவ்வொரு முட்டையின் ஒரு பக்கத்திலும் சங்கீதா பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள், திருப்பியதா இல்லையா என்று தெரிவதற்காக. தினமும் மூன்று முறை திருப்புவாள். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டையைக் காட்டினாள். சிவப்பு நூல் நூலாக நரம்புகள், நடுவில் ஏதோ அசைந்தது. "தெரியுதா? உசுரு" என்றாள். அவளாகக் கூப்பிட்டு என்னிடம் ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டு முட்டைகளில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது, அவற்றை எடுத்துவிட்டோம்.

அந்த வருஷங்களின் மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பட்டப்பகலில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் போகும். ஒரு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. பெட்டியைச் சுற்றி வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அடுப்படியில் அடுத்த பானைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? என் அம்மா. "ஜல்தியா பாட்டில குடுடா, ஆறிடப் போவுது" என்று என்னை விரட்டினார்.

பதினாறாம் நாள் முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஆறு குஞ்சுகள் வந்துவிட்டன. ஏழாவது ஓட்டில் ஓட்டை போட்டது, அதோடு சரி. சங்கீதா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "தண்ணி இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கணும். ஈரம் போதல. எனக்குச் சரியா தெரியல" என்றாள். அன்று அவள் கேட்டது மெஷினைப் பற்றி இல்லை, அம்மா முன்னால் நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா காதுபட, "இவ படிக்கப் போறாம்மா. நான்தான் வார்த்தை குடுத்தேன்" என்றேன். அம்மா குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இதுங்கள யாரு பாத்துக்கறது? நான்தான?" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒன்று இரண்டாம் வாரம் செத்தது. மீதி ஐந்தும் சங்கீதாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே போர்வெல் கொட்டகைக்கும் கொல்லைக்கும் நடந்தன. கரையானும் நொய்யும் தின்று மளமளவென்று வளர்ந்தன. இறகு முளைத்துக் கூரைவரை பறக்க ஆரம்பித்ததும் ஒரு சாயங்காலம் கெடார் ஏரியில் கொண்டுபோய் விட்டோம். கரைக்கு ஓடி ஓடி வந்தன. சங்கீதா திரும்பிப் பார்க்காமல் பைக்கில் ஏறிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தபோது ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. "நம்மள மறந்துடுச்சிங்க. நல்லாதான் இருக்குதுங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இப்போது அவள் விழுப்புரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அம்மா இல்லை. ஆண்டாள் அக்கா நிலத்தை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனோம். வயல் முழுக்க மண் கொட்டி மேடாக்கி, கலர் கலராகக் கல் நட்டிருந்தார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் முப்பதடி சாலை. குடை பிடித்து உட்கார்ந்திருந்த காவல்காரர் மனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து எழுந்து வந்தார். காட்டு வாத்தெல்லாம் இன்னும் வருகிறதா என்று சங்கீதா கேட்டாள்.

"வாத்தா? இந்த மனையிலயா? இங்க தண்ணி எங்கம்மா இருந்திச்சி?" என்றார் அவர். விலாசம் தப்பி வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்து, வெளியே போகிற வழியைக் கைகாட்டினார்.