பாறைமேல் தனியாக உட்கார்ந்தேன்

எங்கள் மலையூர் புதூர்நாட்டுக்கு அப்போது ஜீப் வருவதே அதிசயம். அதில் ஒரு வெள்ளைக்காரர் மரங்களைப் பார்க்க வந்து தங்கினார். சாயங்காலமானால் பாறைமேல் தனியாக உட்கார்ந்து சந்தோஷமாகச் சிரிப்பார். ஆள் நிறைந்த வீட்டில் கிடந்த எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் நானும் பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் மலையில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். மனைவி ஓடிவந்தாள்.

"இன்னா கோவம்? கூழு சரியில்லையா?"

பின்னாலேயே அண்ணன். "வூட்டுக்கு வாடா, பேசிக்கலாம்." அதற்குள் பாதி ஊர் சமாதானம் பேச வந்துவிட்டது.

வெள்ளைக்காரர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "நான் காணாமல் போனாலும் என் ஊரில் யாரும் தேட மாட்டாங்க."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். தினமும் நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

அந்தப் பாறைமேல் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. ஆனால் போய் உட்கார்ந்தால், யாராவது கூப்பிட வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.