நுளம்புக்கு வீடு பார்த்த பிள்ளைகள்

கஞ்சி ஆறும் வரைக்கும்தான் என் கதைக்கு நேரம். மாதா கோயில் வளவுக்குள் இருக்கும் முன்பள்ளியில் சமைப்பவள் நான். கொதிக்கிற இலைக்கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றி வைத்தால் பிள்ளைகள் அவசரப்பட்டு வாயைச் சுட்டுக்கொள்வார்கள். அதனால் கதை சொல்லிப் பிடித்து வைப்பேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். கதைக்கு அது ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

அந்த மாரி மழைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சல் பரவியது. சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கிடந்த பழைய டயருக்குள் நுளம்புப் புழு நெளிந்தது.

"இந்த முறை சொல்லிப்போட்டுப் போறன். திரும்பி வரேக்கையும் கண்டனெண்டால் பள்ளியைப் பூட்டத்தான் வேணும்" என்றார்.

பூட்டினால், சந்தைக்கும் மீன் வாடிக்கும் போகிற தாய்மார் பிள்ளைகளை எங்கே விடுவது? டயரை அன்றைக்கே அகற்றினோம். ஆனால் மழை நிற்கவில்லை. பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போடும் தேங்காய்ச் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது.

"ஆச்சி, நான் சொன்னால் பிள்ளையள் கொட்டாவி விடுகினம். நீங்கள் கதையாச் சொல்லுங்கோ" என்றா டீச்சர்.

சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி நுளம்பு ஒன்று. தலைப்பிரசவம். எங்கள் வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போகவேண்டும். தாய் வீடோ வெள்ளத்தோடு போய்விட்டது. குளத்துக்குப் போனாள், மீன் விரட்டியது. கடலுக்குப் போனாள், உப்புக் கரித்தது. அசையாத நல்ல தண்ணீர் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தாள். நான் இடுப்பில் கை வைத்து அசைந்து அசைந்து நடந்து காட்டினேன். அதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. மிச்சம் நாளைக்கு என்றேன்.

மறுநாள் காலை நான் சமைக்கும் குசினிக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில், சிரட்டைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீர். ஒரு சிறுமி குந்தியிருந்து அவற்றுக்கு இலையால் நிழல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"ஆஸ்பத்திரி, ஆச்சி."

"ஆருக்கு?"

"அவவுக்கு. பாவம், தாய் வீடு இல்லையெல்லே. பசிக்குமெண்டு பாணும் வச்சனான்."

டீச்சர் தலையில் கை வைத்தா. "ஆச்சி, நாளைக்குப் பரிசோதகர் திரும்பி வாறார். உங்கட கதையே பள்ளியைப் பூட்டப்போகுது."

"கதை இன்னும் முடியேல்லை, டீச்சர்."

சிரட்டைகளை நானே கவிழ்த்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறு வைத்திருப்பார்கள். அன்றைக்குக் கஞ்சியை இன்னும் கொஞ்சம் சூடாக இறக்கினேன்.

நுளம்புக்குச் சிரட்டை வீடு கிடைத்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. எல்லாம் ஒன்றாகப் பறந்து, வீடு கொடுத்த பிள்ளையைக் கொஞ்ச வந்தன.

"நுளம்பு கொஞ்சினால் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

ஒருவன் கையைச் சொறிந்தான். "கடிக்கும்."

கதையில், வீடு கொடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குள் நோவு. கஞ்சி இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தது. அவ்விடத்தில் நிறுத்தினேன்.

"இனி என்ன செய்வம்? நீங்களே சொல்லுங்கோ."

நிழல் கட்டிய சிறுமி கையைத் தூக்கினாள். "எங்கட ஒழுங்கையில வீடு இல்லையெண்டு சொல்லுவம்" என்றாள். எழுந்து போய், தான் வைத்த சிரட்டையைத் தானே கவிழ்த்தாள். பிறகு யாரையும் பிடிக்க ஏலாது. பூச்சாடித் தட்டுகள், வாளிகள், கடைசியில் கோயில் வாசலில் இருந்த தீர்த்தக் கிண்ணமும் கவிழ்ந்தன.

"ஆர் இதைக் கவிட்டது?" என்று ஃபாதர் வந்தார்.

"நுளம்பு முட்டை போடும், ஃபாதர்."

அவர் வெறுங்கிண்ணத்தைப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான். இனி மூடி போட்டு வைப்பம்."

மறுநாள் பிள்ளைகள் பரிசோதகரைத் தனியே பார்க்க விடவில்லை. ஆளுக்கொரு விரலைப் பிடித்து இழுத்தார்கள். "இஞ்சயும் இல்லை, அங்கயும் இல்லை." அவர் கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பள்ளி நடக்கட்டும்" என்றார். "கொஞ்சம் நிண்டால் என்னையும் கவிட்டுப் போடுவினம்."

அடுத்த நாள் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "ஆச்சி, நான் ஊறவச்ச உளுந்தையும் மகன் கவிட்டுப் போட்டான். உங்கட கதைதானாம்" என்றாள்.

"ஓம், என்ரைதான்" என்றேன், படலைக் கதவு வரைக்கும் கேட்கும்படி.