கல்லுக்கு எண்ணெய் வைத்த சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் தலைக்கு எண்ணெய். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அப்படித்தான். வெளியில் பனி கொட்டினாலும் அம்மா விடமாட்டா. நல்லெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணிக்குள் வைத்து இளக்கி, அப்பாவில் தொடங்கி என்னில் முடிப்பா. எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் ஒருநாள் என்னோடு முடிக்கவில்லை. ஒரு கல்லுக்கும் வைத்தா.

நாங்கள் அப்போது பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. கீழே பேஸ்மென்றில் ஒருவர் வந்து குடியிருந்தார். சிம்பாப்வே நாட்டுக்காரர், சோனா என்கிற இனத்தவர், கல்லில் சிலை செய்கிறவர். சிலை விற்கிற கடைக்காரர் ஒருவர் அவரைக் கொஞ்சக் காலத்துக்கு இங்கே வருவித்திருந்தார். கல்லும் அவர் ஊர் மலையிலிருந்து கப்பலில் வந்ததுதான். பின்வளவில் குந்தியிருந்து நாள் முழுக்க டொக்கு டொக்கென்று கொத்துவார்.

அம்மாவுக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம், அவர் கையால் சாப்பிட்டார். அம்மா கொடுத்த பிட்டைக் குழம்போடு குழைத்து உருட்டி, ஒரு பொட்டுச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். அவர்கள் ஊரிலும் சோளமாவைக் களியாகக் கிண்டி இப்படித்தான் உருட்டிச் சாப்பிடுவார்களாம். "ஆள் எங்கட ஆள்தான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டா. அதன்பிறகு அம்மா தமிழில் கதைப்பா, அவர் தன் மொழியில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் நல்லாய் விளங்கியது போலத்தான் இருந்தது. எங்காவது இடறினால் மட்டும் என்னுடைய இங்கிலீசைக் கூப்பிடுவார்கள்.

கண்காட்சிக்கென்று அவர் செய்து வைத்திருந்தது ஒரு பெண்ணின் தலை. முகமும் கழுத்தும் கறுத்து மினுங்கும். கல்லைச் சூடாக்கி மெழுகு தேய்த்தால் அப்படி வரும். தலைமயிர் மட்டும் கறள் பிடித்த தகரம் போல, மண்ணிறமாய், சொரசொரவென்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை பேஸ்மென்றில் மழைத்தண்ணி வந்தபடியால் அவரும் அப்பாவும் மூச்சு வாங்க அதைத் தூக்கிவந்து எங்கள் ஹோலில் வைத்தார்கள். வேலை முடிந்தது, அடுத்த வெள்ளி கண்காட்சி, அதுவரை கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு வருவேன் என்று மிசிசாகாவில் இருந்த ஒரு கூட்டாளியிடம் போய்விட்டார். உளியும் சுத்தியலும் இருந்த ஆயுதப் பையும் சிலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அம்மா அந்தப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தா.

"முடிஞ்சுதாம். சீப்பால தலை இழுக்கேல்லை, எண்ணெய் வைக்கேல்லை, முடிஞ்சுதாம்."

அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். "அது சிலையப்பா. உம்மட கையை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

"சிலையெண்டால்? அவ்வளவு வெள்ளைக்காரரும் வந்து பாக்கப்போகினம். உந்தக் கோலத்திலயோ ஒரு பொம்பிளையைச் சபைக்கு அனுப்பிறது?"

பாவம், பெண்சாதி ஊரில், பெண்களின் தலையைப் பற்றி அந்த மனுசனுக்குச் சொல்லக்கூட ஆளில்லை என்று அம்மா மனமிரங்கினா. எங்கள் குடும்பத்தில் கை சும்மா இருந்த பெண்கள் கிடையாது. அப்பா படியிறங்கினதும் நாங்கள் தொடங்கிவிட்டோம்.

முதலில் சட்டி மினுக்குகிற கம்பிப் பஞ்சு. மண்ணிறம் போகவில்லை. பிறகு அவருடைய பையிலிருந்த சாண்ட் பேப்பர். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் முறை எங்களுக்குத் தெரியும். தண்ணி தொட்டு, முதலில் முரடு, பிறகு நைசு. அம்மா பிடிக்க நான் தேய்த்தேன், நான் களைக்க அம்மா தேய்த்தா. மண்ணிறத் தண்ணி பேசினுக்குள் வடிந்தது. உள்ளே இருந்து கன்னங்கரேலென்று கல் வந்தது. பின்னேரமாகும்போது பாதித் தலை முடிந்தது. என் தலைக்கு வைத்து மிஞ்சின எண்ணெயை அம்மா அதற்கும் தடவி, பழைய சேலைத் துண்டால் துடைத்தா. காகத்தின் செட்டை போல மினுங்கியது. எனக்கென்றால் நெஞ்சு கொள்ளாத பெருமை.

அந்த நேரம் பார்த்து, நாளைக்கு வருவேன் என்ற மனுசன் கதவில் நின்றார்.

நல்லது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசினுக்கு முன்னால் குந்தி, அந்தத் தண்ணிக்குள் விரலை வைத்தார். பிறகு, இந்தக் கல்லுக்கு அந்தத் தோல் வர எவ்வளவு காலம் எடுத்திருக்கும், உனக்குத் தெரியுமா என்று இங்கிலீசில் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது என்றார்.

"என்னவாம்?" என்றா அம்மா.

"கல்லின்ர வயசு கேக்கிறார்."

"வயசு கிடக்கட்டும். மற்றப் பக்கத்தையும் பொழுதுபடமுன்னம் முடிச்சுத் தாறன் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். எண்ணெய் வழிந்த என் தலையையும் கல்லின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏன் என்று தெரியாமலே அம்மாவும் சேர்ந்து சிரித்தா.

அந்த மண்ணிறம் ஊத்தையில்லை. எத்தனையோ காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்து கல் தானாகவே போட்ட தோல் அது. அதை ஓரிடத்தில் வேண்டுமென்றே விட்டுவைப்பது அவர்கள் வேலையின் முறை. அப்படித் தோல் உள்ள கல்லைத்தான் அவர் மலையில் தேடித் தேடி எடுத்திருந்தார். உரித்தால் திரும்ப ஒட்ட ஏலாது. கண்காட்சிக்கு ஆறு நாள் இருந்தது, அந்த அளவில் வேறு கல் அவரிடம் இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு அறிந்தது.

அப்பா வந்ததும் இரண்டு பேருமாகச் சிலையைக் கீழே கொண்டுபோனார்கள். நாலு நாள் உளிச் சத்தம் கேட்டது. அம்மா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு வருவா. ஐந்தாம் நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஞ்சியிருந்த மண்ணிறப் பாதி, தலையிலிருந்து நழுவுகிற துணியாகிவிட்டது. அதன் மடிப்புக்குள்ளிருந்து, எண்ணெய் வைத்த கறுத்த கூந்தல் வெளியே வந்தது.

"இப்பதான் ஒரு பொம்பிளை மாதிரிக் கிடக்கு" என்றா அம்மா.

கண்காட்சிக்கு அம்மா கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்தா. சனம் அந்தச் சிலையைத்தான் சுற்றி நின்றது. அவர் அம்மாவைக் கூப்பிட்டு, பாதி வேலை இவருடையது என்று எல்லோருக்கும் சொன்னார். அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல் தலையாட்டினா. சாகும்வரைக்கும், "அந்தத் தம்பிக்குத் தலைவேலை நான்தான் செய்து குடுத்தனான்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தா.

அதற்குப் பிறகும், கோடை முடிந்து குளிர் தொடங்கின காலத்திலும், பேஸ்மென்றில் தண்ணி வந்தது. அவரும் முடித்த சிலைகளை எங்கள் ஹோலுக்குத்தான் கொண்டுவந்தார். ஒரு வித்தியாசம், ஒவ்வொரு சிலையின் தலைக்கும் தன்னுடைய கம்பளி சுவெற்றரைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் போவார். ஏன் என்று அம்மா கேட்கச் சொன்னா. கேட்டேன். இந்த ஊர்க் குளிர் கல்லுக்கு ஒத்துவராது என்றார்.

நான் நம்பினேன். ஆப்பிரிக்காக் கல்லுக்குக் குளிரும் என்று பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். தான் வெறும் சேட்டோடு நடுங்கிக்கொண்டு சுவெற்றரைக் கல்லுக்குக் கொடுக்கிற மனுசனுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பா. ஒருநாள் தன்னுடைய கம்பளிச் சால்வையையும் எடுத்துவந்து சுவெற்றருக்கு மேலால் சுற்றிவிட்டா. அவர் வந்து பார்த்தார், அம்மாவுக்கு நன்றி சொன்னார். பிறகு கயிற்றை அவிழ்த்து, சால்வையையும் சேர்த்துக் கட்டி, இன்னும் இரண்டு முடிச்சுக் கூடப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.